ஒரே இரவில் கூழான கடல் சாமந்தி

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடலோர கிராமத்தில் வீட்டில் அலங்கார மீன் வளர்க்கிறேன். 400 லிட்டர் பவளத் தொட்டியில் ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கோமாளி மீன், ஒரு கிளீனர் இறால், சில மென்பவளங்கள், ஏழு மாதமாக ஒரு பபிள் டிப் அனிமோன் (கடல் சாமந்தி வகை) இருந்தன. மூன்று நாளாக அனிமோன் கல்லை விட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. இன்று காலை பார்த்தால் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் விசிறியில் சிக்கிக் கூழாகக் கிடக்கிறது. தண்ணீர் பால் போல மங்கி, அழுகல் நாற்றம் அடிக்கிறது. மீன்கள் நேற்றுவரை நன்றாகத் தின்றன. ஒன்றரை மாதமாக வெயிலில் தினமும் 2 லிட்டர் வற்றுகிறது. சுத்தமான கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறேன். மாதம் 40 லிட்டர் மாற்றுவேன். அனிமோன் திடீரென்று ஏன் செத்தது? ஜோடி இனி முட்டையிடுமா? வேறொன்று வாங்கி விடலாமா?

பதில்: காரணத்தைப் பிறகு பேசுவோம். இதைப் படித்ததும் முதலில் தொட்டியிடம் போங்கள். கடல் சாமந்தியின் உடல் பெரும்பாலும் தண்ணீர்தான் என்றாலும், அழுகும்போது அது விடுகிற அம்மோனியா மொத்தத் தொட்டியையும் கொல்லப் போதுமானது. கடல் தண்ணீரின் கார அமிலநிலை (pH) 8க்கு மேல் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே கொடிய விஷம்.

வேவ்மேக்கரை நிறுத்திக் கழற்றுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செத்த பிறகும் அதன் கொட்டும் செல்கள் வேலை செய்யும். பெரிய துண்டுகளை வலையால் எடுத்துவிட்டு, மணலில் படிந்த கூழைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். பாதம் ஒட்டியிருக்கும் கல்லை வெளியே எடுத்து, கடல் தண்ணீரில் தேய்த்துக் கழுவி மறுபடி வையுங்கள். காலையில் 80 லிட்டர், மாலையில் 80 லிட்டர் புதுக் கடல் தண்ணீர் மாற்றுங்கள். ஒரே வீச்சில் மாற்றினால் இறால் தாங்காது. காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் இரண்டு போடுங்கள், கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் ஓடட்டும், கார்பன் பை ஒன்று மூன்று நாள் கிடக்கட்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம். அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டும்வரை தினமும் பாருங்கள்.

இனி காரணம். வேவ்மேக்கர்தான் கொன்றது என்று நினைப்பீர்கள். அது வெட்டியது உண்மை. ஆனால் ஏழு மாதம் ஒரே கல்லில் உட்கார்ந்திருந்த உயிர் ஏன் கிளம்பியது? அனிமோன் இடம் பிடித்திருந்தால் சும்மா நகராது. தண்ணீரோ, வெளிச்சமோ, ஓட்டமோ ஒத்துவராதபோதுதான் காலைக் கிளப்பும். அந்த மூன்று நாளும் அது உங்களிடம் முறையிட்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் பதில் இருக்கிறது. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அந்த இடத்தில் நீங்கள் ஊற்றியது கடல் தண்ணீர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்தால், தினமும் 70 கிராம், 45 நாளில் 3 கிலோவுக்கும் மேல். நடுவில் மாற்றிய 40 லிட்டரால் வெளியேறிய கூடுதல் உப்பு ஏறத்தாழ 200 கிராம்தான். ஆக 35இல் இருக்க வேண்டிய உப்பு 42ஐத் தொட்டிருக்கும். உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினாலே தப்பாகக் காட்டும்.

மீனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்ற குழப்பம் பலருக்கும் வரும். மீன் கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளித் தன் ரத்தத்தைக் காத்துக்கொள்ளும். கடல் சாமந்திக்கு அந்த வசதி இல்லை. வெளியே உப்பு எவ்வளவோ, உடம்புக்குள்ளும் அவ்வளவே. மீன் தெம்பாக நீந்துவதை வைத்துத் தண்ணீர் சரி என்று முடிவுகட்டியதுதான் இங்கே நடந்த பிழை. கடலோரத்தில் இருப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், கடல் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்.

வயதாகிச் செத்திருக்குமோ என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். ஸ்காட்லாந்தில் 1828இல் இயற்கை ஆய்வாளர் ஜான் டால்யெல் பிடித்து வளர்த்த ஒரு கடல் சாமந்தி, அவர் காலத்துக்குப் பிறகும் கைமாறி, 1887 வரை கண்ணாடிச் சாடியில் உயிரோடு இருந்தது. அதை ‘பாட்டி’ என்றே அழைத்தார்கள். அதற்கு முன் உங்களுடையது கைக்குழந்தை.

இன்றைய தண்ணீர் மாற்றத்தில் உப்பு 39க்கும் 40க்கும் இடையே இறங்கும். அம்மோனியா அடங்கியதும், தினமும் 10 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீர் விட்டால் நாளுக்கு ஒன்று வீதம் குறையும். 35 வந்ததும் நிறுத்துங்கள். பிறகு வற்றுவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். உங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் கலந்து கரையோரக் கடலின் உப்பு குறையும். அப்போது கொண்டுவரும் ஒவ்வொரு கேனையும் அளந்தே ஊற்றுங்கள்.

வேறு அனிமோன் இப்போது கூடாது. இரண்டு மாதம் உப்பும் வெப்பமும் ஆடாமல் நின்ற பிறகு யோசிக்கலாம். பபிள் டிப் தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகும் இனம். அப்படிப் பிரிந்த குட்டியைக் கேட்டு வாங்குங்கள். தெரிந்த மீனவரிடம் சொல்லிக் கடலில் இருந்து எடுக்கும் பேச்சே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே கை வைப்பது குற்றம். அதோடு ஒரு சாமந்தியைப் பிடுங்கினால் அதை நம்பியிருக்கும் கோமாளிக் குடும்பமும் அழியும். புதிதாக விடும் நாளில் வேவ்மேக்கருக்குக் கண்ணி நெருக்கமான பஞ்சுக் கூடு மாட்டிவிடுங்கள்.

ஜோடியைப் பற்றிக் கவலை வேண்டாம். கடலில்தான் அவற்றுக்குச் சாமந்தி உயிர்க்காவல். எதிரி இல்லாத தொட்டியில் அது இல்லாமலே முட்டையிடும். குஞ்சுப் பொரிப்பகங்களில் மண்சட்டியோ ஓடோ வைத்தே ஜோடிகளை முட்டையிட வைக்கிறார்கள். புதுச் சட்டி ஒன்றை இரண்டு நாள் நன்னீரில் ஊறப்போட்டு, அனிமோன் இருந்த மூலையிலேயே சாய்த்து வையுங்கள். முதலில் சில நாள் பழைய இடத்தையே சுற்றித் தேடும், தீனியும் குறைவாக எடுக்கும். பிறகு சட்டியின் உட்புறத்தை வாயால் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கும். அப்படிக் கண்டால், முட்டைக்கு அதிக நாள் இல்லை.