கொக்கி மட்டும் போதுமா?

அன்புள்ள ஐயா,

விலங்கியல் முதுகலை படிக்கிறேன். நன்னீர் மீனின் செவுளில் புதிய ஒட்டுண்ணித் தட்டைப்புழு ஒன்றைக் கண்டதாகச் சொல்லும் கட்டுரையை வகுப்பில் வாசித்தோம். புழு செவுளைப் பற்றிக்கொள்ள உதவும் கொக்கியின் அளவுகள்தான் பக்கம் பக்கமாக. சில மைக்ரான் வித்தியாசத்துக்காக ஒரு புதுப் பெயரா?

ம.

அன்புள்ள ம.,

நீளம் மட்டுமே ஆதாரம் என்றால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஜைரோடாக்டிலஸ் என்ற பேரினத்து ஒட்டுண்ணிப் புழுக்களுக்குக் குளிர்ந்த நீரில் கொக்கி பெரிதாகவே வளரும். அதனால் அளவைவிட வடிவத்தைப் பார்க்க வேண்டும்: கொக்கியின் வளைவு, அதன் வேர்ப்பகுதி, ஆண் இனப்பெருக்க உறுப்பின் கடினமான பாகம். மென்மையான உடல் ஸ்லைடில் நசுங்கிவிடும், இவை அப்படியே நிற்கும். அம்மோனியம் பிக்ரேட் கலந்த கிளிசரினில் வைத்தால் சதை தெளிந்து கொக்கிகள் துலங்கித் தெரியும். அந்தக் காட்சியை ஒருமுறையாவது நீங்களே நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள்.

சரி, வடிவத்தைப் பார்த்தால் தவறு வராதா? வரும். 1832இல் விலங்கியலாளர் நார்ட்மன், ஐரோப்பாவின் பிரீம் மீன் செவுளில் எக்ஸ் எழுத்துப் போன்ற ஒரு புழுவைக் கண்டு டிப்லோசூன் பாரடாக்ஸம் என்று பெயரிட்டார். டிப்லோசூன் என்றால் இரட்டை விலங்கு என்று பொருள். 1845இல் துஜார்தான் அதே வகைச் செவுள்களில் சிறிய ஒற்றைப் புழுவைப் பார்த்தார். உருவம் வேறாக இருந்ததால் டிப்போர்ப்பா என்று தனிப் பேரினமே வைத்தார். 1851இல்தான் சீபோல்ட் உண்மையைக் காட்டினார்: டிப்போர்ப்பா என்பது டிப்லோசூனின் இளம் பருவம். இரண்டு குஞ்சுகள் சந்திக்கின்றன. ஒன்றின் முதுகில் உள்ள சிறு முளையை மற்றது வயிற்று உறிஞ்சியால் கவ்வுகிறது. இரண்டு உடலும் ஒட்டி, ஆயுள் முழுக்கப் பிரிவதில்லை. துணை கிடைக்காத குஞ்சு முதிர்வதே இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

துஜார்தான் அசட்டையாக இருந்தவர் அல்லர். கண்ணில் பட்டதைச் சரியாகவே எழுதினார். அது வாழ்க்கையின் ஒரு பருவம் மட்டுமே என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆகவே அந்தக் கட்டுரையை இன்னொரு முறை எடுங்கள். எத்தனை புழுக்களை அளந்திருக்கிறார்கள்? முதிர்ந்தவையா? மீனின் இனத்தை உறுதி செய்தார்களா? இந்தப் புழுக்களில் பலவும் ஒன்றிரண்டு மீன் இனங்களைவிட்டு நகர்வதில்லை, எனவே மீன் தவறினால் எல்லாமே தவறும். மரபணு வரிசை உண்டா? அப்புறம், புதிய பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல மாதிரிப் புழுவின் ஸ்லைடு எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது பத்திரமாக இருந்தால்தான் நாளைக்கு நீங்களே போய்ப் பார்த்து, இது புதிய இனம் அல்ல என்று சொல்ல முடியும்.