துருவுக்கு ஏன் பரிசு?

அன்புள்ள ஐயா,

போன மாதம் கோலாலம்பூரில் நடந்த மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்கு அண்ணனோடு போயிருந்தேன். ஒரு பக்கம் விருப்பப்படி உருமாற்றிய கஸ்டம் வண்டிகள், இன்னொரு பக்கம் பழங்கால வண்டிகள். பெயிண்ட் உதிர்ந்து, துருவேறி, சீட்டு கிழிந்த ஹோண்டா சி70 ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பளபளவென்று புதுப்பித்த சி70 பக்கத்திலேயே நின்றது, அதற்கு ஒன்றுமில்லை. ஏன் இப்படி? எங்கள் வீட்டிலும் தாத்தாவின் சி70 இருக்கிறது. தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பின்பக்கத்தை வெட்டி மேட் கறுப்பு அடிக்கலாம் என்கிறான் அண்ணன். செய்யலாமா?

ம., செந்தூல்

அன்புள்ள ம.,

வேண்டாம். அண்ணன் கையிலிருந்து இரும்பு வெட்டும் கிரைண்டரை முதலில் வாங்கி வையுங்கள்.

பெயிண்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். தொழிற்சாலையில் அடித்தது ஒரே ஒரு முறைதான். சுரண்டிவிட்டால் எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் திரும்பாது. நீங்கள் பார்த்த புதுப்பித்த வண்டியில் கம்பெனி குரோம் போடாத இடத்திலெல்லாம் குரோம் மின்னியிருக்கும். போல்ட்டுகள் புதிதாக இருந்திருக்கும். உழைப்பு உண்மைதான், ஆனால் அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்பது அதில் தெரியாது. துருவேறியதில் தெரியும். பரிசு துருவுக்கு அல்ல, துருவுக்கு அடியில் எதுவும் மாறாமல் இருந்ததற்கு.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போருக்கு முன் ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம் ஆர்டி125 என்ற சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கியது. போர் முடிந்ததும் அதன் வரைபடங்கள் வென்ற நாடுகளின் கைக்குப் போயின. 1948இல் வந்த பிரிட்டனின் பிஎஸ்ஏ பேன்டம் அதன் வழி வந்தது. அதே ஆண்டு ஹார்லி டேவிட்சன் விற்ற 125 சிசி வண்டியும் அப்படித்தான். 1955இல் யமஹா தயாரித்த முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ1உம் அதைப் பார்த்துச் செய்ததே. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்கு கியர் வலது காலில் வேண்டும். அதற்காக பிஎஸ்ஏ முழு வடிவமைப்பையும் இடவலமாகத் திருப்பிப் போட்டது. யாரும் கைவைக்காத பேன்டம் ஒன்று கண்ணில் பட்டால் குனிந்து அந்த மிதியைப் பாருங்கள். உருமாற்றிய வண்டியில் இந்த உறவுமுறையெல்லாம் அழிந்துபோயிருக்கும்.

உங்கள் சி70க்கும் இப்படி ஒரு வம்சம் உண்டு. 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழி வந்தது அது. 2017இல் சூப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 100 மில்லியனைத் தாண்டியது. இடது கையில் கிளட்ச் கிடையாது. நூடுல்ஸ் கொண்டுபோகிற பையன் ஒரு கையில் தட்டோடு ஓட்ட வேண்டும் என்பது ஹோண்டாவின் எண்ணம். முன் பிரேக்கைப் பிடித்தால் மற்ற வண்டிகளின் மூக்கு கீழே அமுங்கும், இதில் மேலே எழும். முன் சஸ்பென்ஷன் அமைப்பு அப்படி.

வெட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சி70இன் பின் மட்கார்டு தனியாகக் கழற்றும் தகடு அல்ல. அச்சில் அழுத்திய இரும்புத் தகட்டில் ஃபிரேமோடு சேர்ந்தே வருவது. அதை வெட்டினால் ஃபிரேமையே வெட்டியதாகும். அப்புறம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, சோதனை என்று அலைய வேண்டிவரும்.

கஸ்டம் வண்டிகளை நான் குறைவாக நினைக்கவில்லை. வெறும் தகட்டைத் தட்டித் தட்டி பெட்ரோல் டாங்க் ஆக்குவது பெரிய வித்தை. ஆனால் உங்கள் வீட்டில் அந்த வித்தை ஏற்கெனவே இருந்திருக்கிறது. செந்தூல் பட்டறையில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் அரத்தோடும் கடைசல் இயந்திரத்தோடும் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு ஃபிட்டர் தன் சொந்த வண்டியைத் தொடாமல் விட்டிருப்பாரா? அடியில் படுத்துத் தேடுங்கள். கையால் அராவிய பிராக்கெட், கம்பெனி போடாத ஒரு புஷ் (உருளை வளையம்), வெட்டிச் செய்த வாஷர் ஏதாவது அகப்படலாம். அதுதான் அந்த வண்டியின் கஸ்டம் வேலை. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையில் வாங்கிய பாகத்தைப் போட்டால் எனக்கு மனசு ஆறாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கிராண்டிலுள்ள (வண்டியின் பதிவுப் பத்திரம்) சேஸி எண், இன்ஜின் எண் வண்டியோடு பொருந்துகிறதா பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள், அது கார்புரேட்டரில் பிசினாக உறைந்திருக்கும். உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, இன்ஜினை மெல்லக் கையால் சுற்றுங்கள். டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள் நான்கையும் தயங்காமல் மாற்றுங்கள், உயிர் சம்பந்தப்பட்டவை. உடம்புக்கு சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். உப்புத்தாளோ தின்னரோ கூடாது.

அண்ணனுக்கு வெட்டியே தீர வேண்டுமென்றால், பாதி பாகங்களே மிஞ்சிய வண்டி ஒன்றை ரசீதோடு தேடி வாங்கட்டும். தாத்தா செய்த பாகம் ஏதாவது கிடைத்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.