உப்பளத்து மகள் கேமரா கேட்கிறாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

தூத்துக்குடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். காமர்ஸ் க்ரூப், மார்க்கும் மோசமில்லை. பி.காம். சேருவாள் என்று நீங்கள் நினைத்திருக்க, அவள் போட்டோகிராபிதான் படிப்பேன் என்கிறாள். "கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாம் காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள். உப்பு வாருகிற வீட்டுப் பெண்ணுக்கு அங்கே யார் இடம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் யாரோ வெளியூர்க்காரர் உப்பளத்துக்கு வந்து, நீங்கள் கூடை சுமப்பதைப் படம் எடுத்துப் போனார். பிறகு மளிகைக் கடையில் தொங்கிய ஒரு காலண்டரில் உங்களையே பார்த்தீர்கள். எடுக்கும்போது அவர் உங்களிடம் கேட்கவில்லை, காலண்டரில் உங்கள் பெயரும் இல்லை.

அந்தக் காலண்டரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் மகளுக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குள்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் கேமரா வந்த காலத்திலிருந்தே கதை இப்படித்தான். 1850களின் கடைசியில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை மாகாண அரசுக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். கோயில், கோபுரம், தெப்பக்குளம் என்று அத்தனையும் அழகு, ஆனால் மனிதர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிறகு மனிதர்களை எடுக்க ஆரம்பித்தபோது, வகை பிரிப்பதற்காக எடுத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து, படம் எடுத்து, ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர்தான் இருக்கும். அந்த மனிதருக்கு அம்மா என்ன பெயர் வைத்தாள் என்று நமக்குத் தெரியாது. ஸ்டூடியோக்கள் வந்த பிறகு வசதியுள்ள குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டன. உங்கள் பாட்டியின் படம் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள், பல வீடுகளில் ரேஷன் கார்டுக்கு எடுத்த படம்தான் மிச்சம்.

ஆக, உங்கள் மாதிரி உழைக்கிறவர்களின் படத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அந்த வீட்டிலிருந்து வந்த ஒருவர் எடுத்த படங்களுக்குத்தான் பஞ்சம். அது இப்போது மாறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உங்கள் மகளுக்கு நான் தைரியமாகச் சரி என்று சொல்கிறேன்.

பழனி குமாரைப் பற்றி அவளிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அவளுக்குத் தெரிந்திருக்கும். மதுரைக்காரர், புகைப்படக்காரர். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மலக்குழியில் இறங்கி உயிரை விட்ட துப்புரவுத் தொழிலாளர்களின் குடும்பங்களை அவர் எடுத்த படங்கள் வெளியே வந்த பிறகு, அந்தச் சாவுகளை 'விபத்து' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது கடினமாகிவிட்டது. 2022இல், புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் பெயரிலான தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாக வாங்கியவர் அவர்தான். பாரி என்பது பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் காப்பகம், தமிழிலும் படிக்கலாம். உங்கள் தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றும் அதில் இருக்கிறது, படங்கள் பழனி குமாருடையவை. அதைப் போனில் எடுத்து நீங்களும் மகளும் சேர்ந்து பாருங்கள். காலண்டருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியிருக்காது. அங்கே அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, அவர் பேசுகிறார், கோபப்படுகிறார்.

மதுரைப் பக்கம் வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னொருவர். பல வருடம் வெளியே சுற்றி மற்றவர்களை எடுத்தவர், கொரோனா ஊரடங்கில் ஊருக்குத் திரும்பித் தன் குடும்பத்தையே எடுக்க ஆரம்பித்தார். தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பாட்டியின் வீடு அது. அந்தப் படங்களில் கஷ்டம் இருக்கிறது, அதோடு குளிப்பதும் சிரிப்பதும் தூங்குவதும் இருக்கிறது. வெளியாள் வந்து அரைமணி நேரத்தில் எடுக்க முடியாத படங்கள் அவை. மும்பையில் சுதாரக் ஓல்வே மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களை வருடக்கணக்கில் எடுத்தார், 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வெளியாளுக்குக் கிடைக்காத அப்படி ஒன்று உங்கள் மகளின் கையிலும் இருக்கிறது. பாத்தியில் எந்த நேரத்தில் கண் கூசும், வாருபலகை பிடித்த கை எப்படி இருக்கும், மழை மாதங்களில் வேலையில்லாமல் வீடு எப்படி ஓடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் துறையில் சேர வருகிற பல பிள்ளைகளிடம் நல்ல கேமரா இருக்கும், சொல்வதற்கு விஷயம் இருக்காது. இவளுக்கு விஷயம் இருக்கிறது, கருவிதான் இல்லை. கருவியை வாங்கிவிடலாம்.

சரி, இனி சோற்றுக்கு வருவோம். ஆவணப் படங்கள் மட்டும் எடுத்து முதல் ஐந்து வருடத்தில் வீட்டை நடத்த முடியாது. இதை அவளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தத் துறையில் நிலைத்தவர்கள் பலரும் கல்யாண ஆர்டர், விளம்பரப் படம், வீடியோ எடிட்டிங், தொண்டு நிறுவன வேலை என்று ஒரு கையால் சம்பாதித்துக்கொண்டுதான் மறு கையால் தங்கள் படங்களை எடுத்தார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரி, அருங்காட்சியகம், செய்தி மக்கள் தொடர்புத் துறை போன்ற இடங்களில் அரசுப் புகைப்படக்காரர் பணியிடங்கள் உண்டு. அவை குறைவு, அதையே நம்பி உட்கார வேண்டாம்.

ஆகவே வெறும் கேமரா கோர்ஸில் சேர்க்காதீர்கள். ஆறு மாதச் சான்றிதழுக்குப் பெரிய பணம் கேட்கும் இடங்களில் ஏமாந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருட விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் பட்டம் படிக்கட்டும். எழுத்து, வீடியோ, எடிட்டிங், வடிவமைப்பு எல்லாம் சேர்ந்து வரும், பட்டமும் கையில் இருக்கும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலேயே இருக்கிறது, வீட்டை விட்டு வெகுதூரம் அனுப்ப வேண்டாம். காமர்ஸ் படித்தது பொதுவாகத் தடையாக இருக்காது, விண்ணப்பிக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படக் கல்லூரியின் ஒளிப்பதிவுப் பட்டமும் நல்லது, அதற்கு என்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று அறிவிக்கையில் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். பட்டத்துக்குப் பிறகு குஜராத்தின் காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் புகைப்பட வடிவமைப்பில் முதுகலை இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. பிணவறைகளில் வேலை செய்யும் தலித் தொழிலாளர்களை எடுத்த அருண் விஜய் மாதவன் அங்கே படித்தவர்தான்.

பணத்துக்கு இப்போதே ஓட வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். ஆதிதிராவிடர் என்று எழுதியிருக்கிறீர்கள். வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தொழிலாளர் நல வாரியத்தில் நீங்கள் பதிந்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு அங்கேயும் உதவி உண்டு, பதியவில்லை என்றால் இந்த வாரமே பதியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, அவள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு, மூன்றும் தயாராக இருக்கட்டும்.

கேமராவுக்காகக் கம்மலை அடகு வைக்க வேண்டாம், வட்டிக்கும் வாங்க வேண்டாம். முதல் வருடம் அவளுடைய போனே போதும். இரண்டாம் வருடம், அவள் வேலையைப் பார்த்த பிறகு, பழைய கேமரா ஒன்று தேடலாம்.

பெண் பிள்ளை தனியாக அலைய வேண்டுமே என்ற உங்கள் பயம் நியாயமானது, அதை வெறும் பேச்சால் போக்க முடியாது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படும் ஹோமாய் வியாரவல்லாவின் ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. அந்த நிலையிலிருந்து கொஞ்சம் முன்னே வந்திருக்கிறோம், முழுதாக வரவில்லை. முதல் வருடங்களில் குழுவாகப் போகட்டும், இரவு ஆர்டர் என்றால் அழைத்துவர ஏற்பாடு இருக்கட்டும், எங்கே போகிறாள் என்று உங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகட்டும்.

சட்டத்தில் ஒரு விஷயத்தை அவள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை படத்தின் உரிமை காசு கொடுத்தவருக்கே. அதனால் சின்ன வேலையானாலும் என்ன உரிமை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்கட்டும். பெயர் போடுவது பற்றியும் அதில் இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பொறுப்பும் அவளுக்கு உண்டு. நம் ஆள் என்பதால் கேட்காமல் எடுக்கலாம் என்று ஆகாது. பக்கத்துப் பாத்தி அக்காவிடமும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் கேமராவை இறக்க வேண்டும், எடுத்ததைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்களைப் படம் எடுக்கட்டும். எந்தச் சேலை, எந்த நேரம், கூடையோடா கூடை இல்லாமலா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பிடிக்காததை அழிக்கச் சொல்லுங்கள். பிடித்ததன் கீழே உங்கள் பெயரையும் அவள் பெயரையும் எழுதி, அடுத்த கடிதத்தோடு எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு எந்தெந்தப் படங்களை வைக்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.