நீராவி எஞ்சினின் ஸ்லைடு வால்வை மேம்படுத்த எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஒற்றை சிலிண்டர் எஞ்சின், சாதாரண D வடிவ ஸ்லைடு வால்வு. நீராவி அதிகம் குடிக்கிறது, வால்வு முகமும் சீக்கிரம் தேய்கிறது. அதனால் வால்வின் முதுகில் விழும் அழுத்தத்தைக் குறைக்கும் பேலன்ஸ்டு வால்வு போட்டால் சரியாகுமா என்பது கேள்வி. போடலாம், ஆனால் அதை இரண்டாவதாகத்தான் செய்யச் சொல்வேன். முதலில் கை வைக்க வேண்டியது வால்வின் லேப்பிலும் (விளிம்பு நீராவித் துளையைத் தாண்டி நீண்டிருக்கும் அளவு) ஓட்டத்திலும் (வால்வு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரும் தூரம்). பழைய எஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்கிறவன் என்ற முறையில் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நீராவி வந்து நிற்கும் பெட்டியான ஸ்டீம் செஸ்டுக்குள் மட்டமான ஒரு முகம். அதில் மூன்று போர்ட்டுகள், அதாவது நீராவி வழித் துளைகள்: ஓரங்களில் இருப்பவை சிலிண்டரின் இரு முனைகளுக்குப் போகும், நடுவில் இருப்பது எக்ஸாஸ்ட். அடிப்பக்கம் குடைந்த வால்வு இந்த முகத்தின்மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. வெளி விளிம்பு நீராவியை உள்ளே விட்டு அடைக்கிறது, உள் விளிம்பு வெளியேற்றத்தைத் திறந்து மூடுகிறது. 1799-இல் வில்லியம் மர்டாக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. இதன் அழகும் சிக்கலும் ஒன்றேதான்: ஒரே துண்டு, அதை நகர்த்தும் ஒரே எக்சென்ட்ரிக் (கிராங்க் ஷாஃப்டில் மையம் விலகிப் பொருத்திய வட்டு), நான்கு வேலைகள். உள்விடுதல், கட்-ஆஃப் (உள்வரும் நீராவியை அடைப்பது), வெளியேற்றத் தொடக்கம், வெளியேற்ற அடைப்பு. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து நகரும்.

வால்வு நடுநிலையில் நிற்கும்போது அதன் வெளி விளிம்பு போர்ட்டைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறதோ அதுதான் லேப். லேப்பே இல்லாத வால்வு, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது) முடியும்வரை பாய்லர் நீராவியை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் முழு அழுத்தத்தோடு இருக்கும் நீராவியை அப்படியே வெளியே கொட்டிவிடும். பாதி ஸ்ட்ரோக்கில் அடைத்துவிட்டு மீதிப் பாதியை நீராவி தானே விரிந்து தள்ளும்படி செய்தால் என்ன ஆகும்? பின்னழுத்தத்தையும் கிளியரன்ஸ் இடத்தையும் (பிஸ்டன் முனையில் நிற்கும்போதும் மிஞ்சும் காலியிடம்) ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், பாதி நீராவியில் 85 சதவீத வேலை கிடைக்கிறது. கால் ஸ்ட்ரோக்கில் அடைத்தால் கால் பங்கு நீராவிக்கு 60 சதவீத வேலை. நிஜ எஞ்சினில் இது குறையும். சிலிண்டர் சுவர் குளிர்ந்து நீராவி உள்ளேயே தண்ணீராகும், போர்ட் வழியில் அழுத்தம் இறங்கும். அப்படியும் மிச்சப்படும் நீராவி, உராய்வைக் குறைத்துக் கிடைக்கும் லாபத்தைவிடப் பல மடங்கு பெரியது.

இப்போது உராய்வைப் பார்ப்போம். 200 மிமீ விட்டம், 250 மிமீ ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 300 சுற்று, 10 பார் அழுத்தம் என்று ஓர் எஞ்சின். சராசரி பயனுறு அழுத்தம் 5 பார் என்று வைத்தால் ஏறத்தாழ 40 கிலோவாட். வால்வு 120 மிமீக்கு 150 மிமீ. அதன் முதுகில் விழும் சுமை சுமார் 1.8 டன். போர்ட்டில் இருக்கும் நீராவி கீழிருந்து கொஞ்சம் தாங்கும் என்பதால் இது உச்சக் கணக்கு. உராய்வுக் கெழு 0.1, வால்வு ஓட்டம் 50 மிமீ என்றால் அதைத் தேய்த்து நகர்த்தச் செலவாவது 900 வாட். நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. வால்வு ராடுக்கும் எக்சென்ட்ரிக்குக்கும் இது கடினமான உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நீராவி போகும் பெரிய ஓட்டை இது இல்லை.

அப்படியானால் லேப்பைக் கூட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அதே எஞ்சினில் ஓட்டம் 50 மிமீ, அதாவது அரை ஓட்டம் 25 மிமீ. லேப் 10 மிமீ, லீட் (ஸ்ட்ரோக் தொடங்கும்போதே போர்ட் திறந்திருக்கும் அளவு) இல்லை. எக்சென்ட்ரிக்கை 90 பாகைக்கு மேல் எவ்வளவு முன்தள்ளி வைக்க வேண்டும் என்பது லேப்பை அரை ஓட்டத்தால் வகுத்தால் வரும் சைன் மதிப்பு. இங்கே 0.4, கோணம் 23.6 பாகை. கிராங்க் 133 பாகை வரும்போது வால்வு அடைக்கும், அப்போது பிஸ்டன் 84 சதவீதம் போயிருக்கும். போர்ட் அதிகபட்சம் 15 மிமீ திறக்கிறது. நல்ல திறப்பு, மோசமான கட்-ஆஃப்.

கட்-ஆஃபைப் பாதி ஸ்ட்ரோக்குக்குக் கொண்டுவர லேப் 17.7 மிமீ வேண்டும். ஓட்டத்தை மாற்றாமல் லேப்பை மட்டும் இப்படிக் கூட்டினால் போர்ட் 7.3 மிமீதான் திறக்கும். சந்து குறுகியதும் நீராவி நசுங்கி நுழைகிறது, சிலிண்டருக்குள் போகும்போதே அழுத்தம் சரிந்துவிடுகிறது. "லேப் கூட்டிப் பார்த்தேன், எஞ்சினில் இழுவையே இல்லை" என்று சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

வழி இதே கணக்குக்குள் இருக்கிறது. நான்கு நிகழ்வுகளின் நேரமும் லேப்புக்கும் அரை ஓட்டத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே சார்ந்தவை. போர்ட் திறக்கும் அளவோ, இரண்டுக்கும் இடையே உள்ள கழித்தலைச் சார்ந்தது. ஆகவே இரண்டையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குங்கள். அரை ஓட்டம் 51 மிமீ, லேப் 36 மிமீ என்று வைத்தால் கட்-ஆஃப் அதே பாதி ஸ்ட்ரோக், திறப்பு மறுபடியும் 15 மிமீ. வால்வின் வேகமும் இரட்டிப்பாவதால் போர்ட் பளிச்சென்று திறந்து பளிச்சென்று மூடும். வெளியேற்றப் பக்கமும் அதே வேகத்தில் அகலமாகத் திறக்கும். என் பார்வையில் இதுதான் பெரிய லாபம், பேசப்படுவதென்னவோ குறைவு. பயன்பட்ட நீராவி தடையில்லாமல் வெளியேறினால் பிஸ்டன் திரும்பி வரும்போது எதிர்ப்பு குறையும்.

ரயில் எஞ்சின்களின் வரலாற்றில் இதற்குத் தெளிவான சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் எஞ்சின் வடிவமைப்பாளர் சர்ச்வார்டு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீண்ட லேப், நீண்ட ஓட்டம் என்ற முறையைக் கொண்டுவந்துவிட்டார். 1925-இல் அந்த ரயில்வேயின் பென்டென்னிஸ் காசில் எஞ்சினை, லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் பெரிய பசிபிக் வகை (4-6-2 சக்கர அமைப்பு) எஞ்சின்களோடு அவர்களுடைய பாதையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். உருவத்தில் சிறிய காசில் குறைந்த நிலக்கரியில் அதே வேலையைச் செய்தது. அதன்பிறகு நார்த் ஈஸ்டர்னின் வடிவமைப்பாளர் கிரெஸ்லி தன் பசிபிக் எஞ்சின்களின் வால்வு ஓட்டத்தை நீட்டினார், நிலக்கரிச் செலவு நன்றாகக் குறைந்தது. அங்கே இருந்தவை பிஸ்டன் வால்வுகள், அதாவது பிஸ்டனைப்போல உருண்டையான குழலுக்குள் நகர்பவை. ஆனாலும் லேப், ஓட்டம் பற்றிய கணக்கு தட்டை வால்வுக்கும் அப்படியே பொருந்தும்.

ஓட்டத்தை நீட்டும்போது மறக்கக் கூடாதது எக்ஸாஸ்ட் போர்ட்டின் அகலம். வால்வு ஒரு கோடிக்குப் போகும்போது அதன் உள் விளிம்பு எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேலேறி அதைச் சுருக்கும். அரை ஓட்டத்தோடு நீராவிப் போர்ட்டின் அகலத்தைக் கூட்டி, இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் உள்ள பட்டையின் அகலத்தைக் கழியுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட் குறைந்தது அந்த அளவாவது இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் பட்டையும் போர்ட்டும் 15 மிமீ என்றால் எக்ஸாஸ்ட் 51 மிமீ. அதாவது பழைய சிலிண்டரில் வால்வை மட்டும் மாற்றிவிட முடியாது, போர்ட் முகத்தையே திருத்த வேண்டும் அல்லது தனியாக ஒரு முகத்தட்டு செய்து பொருத்த வேண்டும்.

முகம் வெட்டுமுன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். ஒரு நீள அட்டையில் மூன்று போர்ட்டுகளையும் நிஜ அளவில் வரையுங்கள். இன்னொரு துண்டில் வால்வின் விளிம்புகள். கிராங்க் கோணத்தோடு முன்கோணத்தை (எக்சென்ட்ரிக்கை 90 பாகைக்கு மேல் முன்தள்ளிய அளவு) கூட்டி, அதன் சைனை அரை ஓட்டத்தால் பெருக்கினால் நடுநிலையிலிருந்து வால்வு நகர்ந்த தூரம் வரும். பத்துப் பத்து பாகையாக அட்டையை நகர்த்திக்கொண்டே போனால் எந்த விளிம்பு எப்போது எதைத் தாண்டுகிறது என்பது கண்முன் தெரியும். ஸொய்னர் வரைபடம் இதையே இரண்டு வட்டங்களில் சொல்லிவிடும், பழகியவர்களுக்கு அது வேகமானது. புதியவர்களுக்கு நான் அட்டையைத்தான் சொல்வேன்.

இப்போதுதான் உராய்வின் முறை வருகிறது. ஓட்டமும் லேப்பும் கூடியதால் வால்வின் நீளம் 120 மிமீயிலிருந்து 185 மிமீக்கு வந்துவிட்டது, சுமை ஏறத்தாழ 2.8 டன். நகரும் தூரமும் இரட்டிப்பு. உராய்வில் போகும் திறன் மூன்று கிலோவாட்டை நெருங்குகிறது. இதை விடக் கூடாது. ரிச்சர்ட்சன் முறையில் வால்வின் முதுகில் பள்ளம் வெட்டி, ஸ்பிரிங் தாங்கும் பட்டைகளை நான்கு பக்கமும் வைத்து, மேலே உள்ள தட்டில் அவை அழுந்தி நீராவியைத் தடுக்கும்படி செய்வார்கள். பட்டைகளுக்கு உள்ளே இருக்கும் இடத்தை ஒரு சிறு துளை எக்ஸாஸ்டோடு இணைக்கும். அந்தப் பரப்பின்மேல் இனி பாய்லர் அழுத்தம் இல்லை. முழுவதையும் இப்படி விடுவித்துவிடாதீர்கள். வால்வு முகத்தோடு ஒட்டி நிற்கக் கொஞ்சம் சுமை வேண்டும், இல்லாவிட்டால் போர்ட்டில் அழுத்தம் ஏறும் நேரத்தில் வால்வு தூக்கிக்கொண்டு கசியும்.

சூப்பர்ஹீட் செய்த, அதாவது கொதிநிலைக்கு மேலும் சூடேற்றிய நீராவி என்றால் தட்டை வால்வோடு போராடாதீர்கள். அந்த வெப்பத்தில் முகத்தில் எண்ணெய்ப் படலம் நிற்காது, வால்வு உராய்ந்து கீறிவிடும். வில்ஹெல்ம் ஷ்மிட்டின் சூப்பர்ஹீட்டர் பரவியபோது ரயில் எஞ்சின்கள் பிஸ்டன் வால்வுக்கு மாறியதற்கு இது முக்கியக் காரணம். பிஸ்டன் வால்வில் நீராவியை நடுவில் விட்டு ஓரங்களில் வெளியேற்றினால், வால்வு ராட் கிளாண்டுக்கு (ராட் வெளிவரும் இடத்தில் கசிவைத் தடுப்பது) எக்ஸாஸ்ட் அழுத்தம் மட்டும்தான். ஆனால் தட்டை வால்வுக்கு இருக்கும் ஒரு நல்ல குணம் அதற்கு இல்லை. சிலிண்டரில் தண்ணீர் சேர்ந்தால் தட்டை வால்வு தூக்கிக்கொண்டு வழிவிடும். பிஸ்டன் வால்வு விடாது, சிலிண்டரின் இரு முனையிலும் ரிலீஃப் வால்வு வைத்தே ஆக வேண்டும்.

கட்-ஆஃபை எவ்வளவு முன்னால் கொண்டுபோகலாம்? ஒற்றை வால்வில் கால் ஸ்ட்ரோக்குக்குக் கீழே போக நான் பரிந்துரைக்க மாட்டேன். கிராங்க் 60 பாகையில் அடைக்க வைத்தால் வெளியேற்றம் 75 சதவீதத்திலேயே திறந்துவிடும், திரும்பும்போதும் 75 சதவீதத்திலேயே அடைத்து அழுத்தத் தொடங்கும். உள் விளிம்பைக் கொஞ்சம் குறைத்தால் அழுத்துவது தாமதமாகும், ஆனால் வெளியேற்றம் இன்னும் சீக்கிரம் திறக்கும். இந்தக் கட்டிலிருந்து தப்பத்தான் மேயர் முக்கிய வால்வின் முதுகில் தனியாக ஒரு கட்-ஆஃப் வால்வை ஓட்டினார், கோர்லிஸ் உள்வழிக்கும் வெளிவழிக்கும் வேறு வேறு வால்வு வைத்தார். சிறிய எஞ்சினுக்கு நான் அதைவிட ட்ரிக் வால்வைச் சொல்வேன். வால்வுக்குள்ளேயே ஒரு வழி குடைந்திருக்கும். ஒரு விளிம்பு போர்ட்டைத் திறக்கும் அதே நேரத்தில் அந்த வழியின் மறுமுனை முகத்தைத் தாண்டி வெளியே வந்து இன்னொரு மடங்கு நீராவியைச் சேர்க்கும். திறப்பு குறைவாக இருக்கும் நேரத்தில்தான் இதன் பலன் அதிகம்.

பொருத்துவதில் சில விஷயங்கள். வால்வு ராடும் வால்வும் சேரும் இடத்தில் ஓட்டத் திசையில் ஆட்டமே இருக்கக் கூடாது. மேலும் கீழும் மட்டும் வால்வு தாராளமாக அசைய வேண்டும். அதை நட்டு வைத்து இறுக்கிவிட்டால் தேய்மானத்துக்கு ஏற்ப முகத்தில் அமரவும் முடியாது, தண்ணீருக்கு விலகவும் முடியாது. முகத்தை சர்ஃபேஸ் பிளேட்டில் நீல மை தடவிப் பார்த்து ஸ்கிரேப்பரால் சுரண்டியே சமப்படுத்துங்கள். எமரி பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் துகள் வார்ப்பிரும்பில் பதிந்து பின்னாளில் அரிக்கும். ஓட்டத்தின் கோடியில் வால்வு, முகத்தின் விளிம்பைச் சற்றுத் தாண்டிப் போகட்டும். அப்படிப் போகாவிட்டால் தேயாத பகுதியில் ஒரு மேடு நிற்கும், அடுத்த முறை ராட் நீளத்தை மாற்றியதும் வால்வு அதன்மேல் ஏறும்.

கனெக்டிங் ராடின் சாய்வும் கணக்கில் வர வேண்டும். ராட் கிராங்கைப்போல ஐந்து மடங்கு நீளம் என்றால், கிராங்க் 90 பாகையில் நிற்கும்போது பிஸ்டன் தலைப்பக்கத்திலிருந்து 55 சதவீதம் வந்திருக்கும், எதிர்ப் பக்கக் கணக்கில் 45 தான். இரு பக்கமும் ஒரே லேப் வைத்தால் கட்-ஆஃப் சமமாகாது. மெதுவாக ஓடும் எஞ்சினில் லேப்பைப் பக்கத்துக்கு ஏற்ப மாற்றிக் கட்-ஆஃபைச் சமமாக்குவது எனக்குப் பிடிக்கும், எக்ஸாஸ்ட் ஒலி இரு பக்கமும் ஒரே மாதிரி விழும். வேகமாக ஓடுவது என்றால் லீட் சமமாக இருப்பதே முக்கியம். எப்படிச் சரிபார்த்தாலும் ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே திருப்பி அளவெடுங்கள், எதிர்த் திசையில் திருப்பினால் மூட்டுகளின் ஆட்டம் அளவில் சேர்ந்துவிடும்.

பாதி ஸ்ட்ரோக் கட்-ஆஃப் வைத்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கிராங்க் பாதி தாண்டி நின்றுவிட்டால் நீராவி திறந்தாலும் கிளம்பாது. ஃப்ளைவீலைக் கையால் தள்ளித்தான் தொடங்க வேண்டும். தள்ளும்போது ஸ்டாப் வால்வு மூடியிருக்கட்டும், சிலிண்டர் வடிகால்கள் திறந்திருக்கட்டும். எஞ்சின் அடிக்கடி நின்று கிளம்ப வேண்டியது என்றால் கட்-ஆஃபை நிலையாக வெட்டிவைக்காமல் ஸ்டீஃபன்சன் அல்லது வால்ஷார்ட்ஸ் லிங்க் வைத்து மாற்றும்படி செய்யுங்கள். முழு ஓட்டத்தில் கிளப்பி, வேகம் பிடித்ததும் லீவரைப் பின்னுக்கு இழுத்துக் குறைத்துக்கொள்ளலாம்.