தக்காளி வாங்கவும் தங்கச்சியைக் கேட்கிறேன்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைங்க. டேமேஜ் பீஸ் ஒன்றுகூட என் கையைத் தாண்டாது. ஆனால் பதினோரு வருசமாக வீட்டுக்காரர், "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு" என்றே சாதித்தார். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். சந்தையில் தக்காளி வாங்கக்கூடத் தங்கச்சிக்குப் போன் போடுகிறேன். நிஜமாகவே புத்தி மழுங்கிடுச்சுங்களா?
- அவிநாசி வாசகி

பதில்: இல்லை அம்மிணி. நேரில் பார்த்ததையே ஒருவர் வருசக்கணக்கில் மறுத்தால் யாருக்கும் நினைவு ஆட்டம் காணும். ஓட்டையையும் ஆயில் கறையையும் யாரையும் கேட்காமல் ஒதுக்குகிறீர்களே, அந்தப் புத்தி அப்படியேதான் இருக்கிறது. வீட்டு விசயத்தில் அதை எடுக்கத்தான் பயம்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். போனைத் தொடாமல் தினம் ஒரு சின்ன முடிவு. தக்காளியிலேயே தொடங்கலாம். வாங்கும் முன்பே காரணத்தை எழுதுங்கள்: "நாட்டுத் தக்காளி 1 கிலோ, ரசத்துக்கு." மூன்று நாள் கழித்து, என்ன ஆனது என்று அதன் கீழே எழுதுங்கள். காரணம் முதலில் எழுதப்படாவிட்டால், இரண்டு பழம் அழுகியதும் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மனசு பழைய பாட்டையே பாடும். எழுதியிருந்தால், அழுகியது இரண்டு பழம் மட்டும்தான் என்று தெரியும். தங்கச்சியிடம் பேசுங்கள், ஆனால் முடிவெடுத்த பிறகு. சீட்டு, பிள்ளைகள் படிப்பு போன்ற பெரிய விசயங்கள் ஒரு மாதம் போகட்டும்.

பலர் சறுக்குவது வேறிடத்தில். வீட்டுக்காரர் கூப்பிட்டதும், நடந்ததை அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்கப் பார்ப்பார்கள். அது நடக்காது, பேசி முடிக்கும்போது சந்தேகம்தான் இரட்டிப்பாகும். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டு, மறுநாள் மெசேஜில் பதில் சொல்லுங்கள். அவர் சொன்னதை அன்றைக்கே, அவர் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்பது தனி வரி. அவருக்குப் பாஸ்வேர்டு தெரிந்த போனில் வேண்டாம்.

பூவும் பலகாரமுமாக வருவார். நாலு நாள் திட்டு, ஒரு நாள் பாசம் என்று மாறிமாறிக் கிடைத்த பிடிப்பு லேசில் விடாது. அன்றைக்கு மனசு இளகுவது உங்கள் குற்றமில்லை. "அனுசரிச்சுப் போ கண்ணு" என்று பெரியவர்கள் சொன்னாலும் அன்றே முடிவு சொல்ல வேண்டியதில்லை.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் சொல்லாலும் மனத்தாலும் வதைப்பதும் வன்முறைதான். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அந்தத் தேதி போட்ட குறிப்புகள் உதவும். தூக்கம் இரண்டு வாரமாக இல்லையென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாகலாம் என்று தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில், இலவசமாகப் பேசலாம்.