40 பேர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு 14 மைக்ரோசர்வீஸ் தேவையா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். மூன்று கடை, ஒரு கிடங்கு. பில்லிங், இருப்பு, கணக்குக்குப் புது மென்பொருள் எழுதித் தரக் கேட்டோம். 40 பேர் பயன்படுத்துவார்கள். 14 மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியே ஓடும் 14 சிறு நிரல்களாகப் பிரித்து, அவற்றை நிர்வகிக்கும் குபெர்னடிஸ் என்ற அமைப்பில் ஓட்டினால்தான் நாளைக்கு வளர முடியும் என்கிறார்கள். ஒரே மென்பொருளாக எழுதினால் பின்னால் மாட்டிக்கொள்வோமா?

பதில்: மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஒரே மென்பொருள், ஒரே டேட்டாபேஸ் போதும். உள்ளே பில்லிங், இருப்பு, கணக்கு என்று பகுதி பிரித்து ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள். 40 பேரை ஒரு சாதாரண சர்வரே தாங்கும்.

பில் போட்டால் இருப்பு குறைய வேண்டும், வாடிக்கையாளர் கணக்கில் பாக்கி ஏற வேண்டும். ஒரே டேட்டாபேஸில் மூன்றும் சேர்ந்தே நடக்கும். நடுவில் ஏதாவது அறுந்தால் மூன்றுமே நடக்காது. தனித்தனி டேட்டாபேஸாகப் பிரித்தால் சில நேரம் பில் விழுந்து இருப்பு குறையாமல் நிற்கும். அதைச் சரிக்கட்டத் தனி நிரல், அதற்கும் உங்கள் காசு.

நூற்றுக்கணக்கான நிரலாளர்கள் இருக்கும் இடத்தில், ஒரு குழு இன்னொன்றுக்குக் காத்திருக்காமல் வேலை செய்யவே மைக்ரோசர்வீஸ் உதவுகிறது. அமேசான் பிரைம் வீடியோவிலேயே, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைத் துண்டு துண்டாகக் கட்டி, அப்புறம் ஒன்றாகச் சேர்த்ததில் அதன் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-ல் அவர்களே எழுதினார்கள். இங்கே டெண்டர் எழுதுகிறவர்கள்கூட எதற்கு என்று கேட்காமல் மைக்ரோசர்வீஸ் என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள், விலைப்புள்ளி கொடுப்பவர்கள் அதைக் காட்டியே தொகையை ஏற்றுகிறார்கள். யாரும் தட்டிக் கேட்பதில்லை.

இ-இன்வாய்ஸை, அதாவது பில்லை ஜிஎஸ்டிக்கான அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் வேலையை மட்டும் தனியே வையுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டினால், வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அது கட்டாயம். பில் போடும் திரையே போர்ட்டலின் பதிலுக்குக் காத்திருந்தால், போர்ட்டல் திணறும் நாளில் உங்கள் கவுண்டரும் நின்றுவிடும். மென்பொருள் பில்லைச் சேமித்து வரிசையில் போடட்டும். பின்னணியில் ஒரு சிறு நிரல் அதை எடுத்து அனுப்பட்டும், பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பட்டும். ஐஆர்என், அதாவது போர்ட்டல் தரும் பில் பதிவு எண் வந்த பிறகுதான் அச்சு, அப்புறம்தான் சரக்கு. அதுவரை அடுத்த பில்லைப் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஒப்பந்தத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி மாதப் பராமரிப்புக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். 14 என்று பிரிப்பதன் லாபம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கிளவுட் கணக்கு, டொமைன் இரண்டும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மூல நிரல் முதல் நாளிலிருந்தே உங்கள் கைக்கு வர வேண்டும். இதை எழுத்தில் தராதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.