வெள்ளைக் கழிச்சலும் ஊசி போட்ட கோழிகளும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஆலங்குளம் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் சிறுவிடைக் கோழிகள் நாற்பது போல நின்றன. இந்தப் பங்குனியில் வெள்ளைக் கழிச்சல் வந்து, பத்து நாளுக்குள் எட்டுதான் மிச்சம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. குஞ்சாக இருந்தபோதே, பொரித்த மூன்றாம் நாள், கடையில் மருந்து வாங்கிக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் சீக்கு என்று கேள்விப்பட்டதும் வளர்ந்த கோழிகளுக்கு ஊசியும் போட்டோம். அதற்கு நாலைந்து நாளில்தான் விழ ஆரம்பித்தன. "ஊசி போட்டுத்தான் சீக்கு வந்துட்டு. எங்க காலத்துல மிளகும் மஞ்சளும் அரைச்சு உருட்டிக் கொடுத்தோம். நாட்டுக்கோழிக்கு எதுக்கு ஊசி?" என்று அத்தை சொல்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாட்டுக்கோழிக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு சக்தி உண்டா? ஊசியால் சீக்கு வருமா? இந்த ஆராய்ச்சி எல்லாம் நாமக்கல் பண்ணைகளுக்குத்தானா, நம்மைப் போன்றவர்களுக்கும் ஏதாவது இருக்கிறதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

முப்பது கோழிக்கு மேல் போனது சின்ன இழப்பு இல்லை. நம் ஊர்களில் கோழிப் பணம் பெண்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் செலவழிக்கிற பணம். அது பத்தே நாளில் மண்ணுக்குள் போனதைக் கேட்க எனக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. உங்கள் கேள்விகளுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அத்தை சொன்னது. ஊசி போட்டு நாலைந்து நாளில் விழுந்தன என்கிறீர்கள். வெள்ளைக் கழிச்சல் ஒரு வைரஸால் வருவது. அந்த வைரஸ் உடம்புக்குள் போனபின் நோய் வெளியே தெரிய 2 முதல் 15 நாள் ஆகும், பெரும்பாலும் ஐந்தாறு நாள். பக்கத்துத் தெருவில் சீக்கு என்று காதில் விழுந்தபோதே உங்கள் கோழிகளில் சிலவற்றுக்குள் அது போயிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கோழிக்கும் அந்தத் தெருக் கோழிக்கும் மேய்ச்சல் ஒரே குப்பைமேடாகத்தான் இருக்கும். ஊசி எதிர்ப்பு சக்தியை வளர்க்க ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும். வைரஸ் முந்திக்கொண்டது. ஊசிதான் கொன்றது என்று அத்தைக்குத் தோன்றுவதில் வியப்பே இல்லை, கண் முன்னால் நடந்த வரிசை அப்படி.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த மருந்துகளே வீரியம் குறைந்த உயிர் வைரஸ்தான், அதன் ஒவ்வொரு வகைக்கும் திரிபு என்று பெயர். அவற்றில் ஒன்றில் கவனம் வேண்டும். 1940-களில் முக்தேசுவரத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'ஆர் டூ பி' திரிபு கொஞ்சம் வீரியமானது. நீண்ட நாள் பாதுகாப்பு தரும். அதை ஆறு முதல் எட்டு வாரம் தாண்டிய, நல்ல உடல்நிலையில் இருக்கிற கோழிக்குத்தான் போட வேண்டும். சின்னக் குஞ்சுக்கோ மெலிந்து கிடக்கிற கோழிக்கோ போட்டால் கால் இழுத்துக்கொள்வது, சாவது எல்லாம் நடக்கலாம். குஞ்சுகளுக்கு லசோட்டா, எஃப் போன்ற சாதுவான திரிபுகள்தான் சரி.

சாதுவானது, கொல்வது என்ற வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. இந்த வைரஸின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. கோழியின் உடம்பிலுள்ள ஒரு நொதி அதை ஓரிடத்தில் வெட்டிவிட்டால்தான் வைரஸ் அடுத்த உயிரணுவுக்குள் நுழைய முடியும். சாதுவான திரிபுகளில் அந்த இடத்தை வெட்டக்கூடிய நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே உண்டு. அதனால் அவை அங்கேயே வளர்ந்து அடங்கிவிடும். கொல்கிற திரிபில் அந்த வெட்டிடத்தில் சில அமினோ அமிலங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. அதை உடம்பின் எந்த உயிரணுவிலும் இருக்கிற நொதி வெட்டிவிடும். எனவே அது ஈரலுக்கும் மூளைக்கும் போகிறது. நீங்கள் பார்த்த கழுத்து முறுக்கு, மூளைக்குப் போனதன் அடையாளம். லசோட்டாவால் அப்படி ஆகாது என்பதை அத்தையிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம், மூன்றாம் நாள் தண்ணீரில் கலந்து கொடுத்தது. இங்கேதான் நிறைய பேருக்குச் சறுக்குகிறது. தாய்க்கோழிக்கு ஊசி போட்டிருந்தாலோ நோயில் தப்பிப் பிழைத்திருந்தாலோ, அதன் ரத்தத்தில் கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருள் மஞ்சள்கருவின் வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாளில் அது உச்சத்தில் இருக்கும். நீங்கள் கொடுத்த உயிர் மருந்தையும் நோய்க்கிருமி என்று நினைத்து அது அழித்துவிடும். குஞ்சின் சொந்த எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. தவிரவும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவும் மருந்தைக் கொன்றுவிடும். அதற்காகத்தான் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலக்கச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் கடையிலிருந்து வீடு வரை ஐஸ் இல்லாமல் வந்த குப்பியில் உயிர் இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

ஏழாம் நாளை ஒட்டி, கண்ணில் ஒரு சொட்டு விடுவதுதான் நல்லது. கோழிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, எதிர்ப்பொருள் உண்டாக்கும் உயிரணுக்கள் அங்கே நிறைய உண்டு. மூக்கும் தொண்டையும்தான் வைரஸ் நுழையும் வாசல் என்பதால் அந்த இடத்தில் காவல் வேண்டும். ஒவ்வொரு குஞ்சுக்கும் சேர்ந்தது என்று கண்ணால் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். நான்காவது வாரத்தில் இன்னொரு முறை. எட்டு வாரத்துக்கு மேல் ஊசி.

எல்லாம் சரியாகச் செய்தும் பலிக்காத ஒரு சூழ்நிலை உண்டு, அதுதான் கம்போரோ. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத் தாக்கும் இன்னொரு வைரஸ் இது. கோழியின் பின்புறத்தில், எச்சம் போகும் வழிக்கு மேலே ஒரு சின்னப் பை இருக்கிறது. அதைத்தான் இது அழிக்கிறது. அந்தப் பை எதற்கு இருக்கிறது என்றே நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஒஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் சில குஞ்சுகளுக்கு அதை அறுத்து எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உடன் இருந்த சாங் என்பவர், எதிர்ப்பொருள் எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் காட்டுவதற்காக அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிப்போனார். பை இல்லாத கோழிகளில் எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. வகுப்பு வீண் என்று விட்டுவிடாமல் இருவரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பெரிய அறிவியல் இதழ் ஒன்று அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1956-இல் கோழி வளர்ப்பு ஆராய்ச்சிக்கான ஓர் இதழில் அது வெளிவந்தது. மனித உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாக்கும் உயிரணுக்கள் தனி வகை என்ற இன்றைய மருத்துவ அறிவுக்கு அங்கிருந்துதான் வழி திறந்தது. கோழி ஆராய்ச்சியை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவதற்கு இது ஒரு காரணம்.

உங்கள் குஞ்சுகளில் எதற்காவது மூன்று நான்கு வாரத்தில் கம்போரோ வந்து போயிருந்தால், அந்தப் பை சிதைந்திருக்கும். அதற்குப் பிறகு கழிச்சலுக்கு எத்தனை முறை மருந்து கொடுத்தாலும் உடம்பு சரியாகக் கேட்காது. அதனால்தான் இரண்டாம் வாரத்தில் கம்போரோ மருந்தும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

நாட்டுக்கோழியின் எதிர்ப்பு சக்தி பாதி உண்மை. வெயிலைத் தாங்கும், குப்பையைக் கிளறித் தானே வயிறு நிரப்பும், சில நோய்களைப் பண்ணைக் கோழியைவிட நன்றாகச் சமாளிக்கும். கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி நம் வெயிலுக்கென்றே பிறந்தது போல இருக்கும். ஆனால் மருந்து காணாத மந்தையில் கொல்கிற கழிச்சல் புகுந்தால், நாட்டுக்கோழியானாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விடக்கூடும். அத்தை காலத்திலும் இந்தச் சீக்கு இருந்தது. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நம் நாட்டில் ராணிக்கேத்திலும் பதிவானது. மிளகு, மஞ்சள், சீரகம், கீழாநெல்லி எல்லாம் தீனி எடுக்காத கோழியைத் தேற்ற உதவலாம். கொடுக்கட்டும், தடுக்க வேண்டாம். வந்துவிட்ட வைரஸைக் கொல்லும் மருந்து கைமருந்திலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை.

கடைசிக் கேள்விதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆராய்ச்சி நம் வாசல் வரை வரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஐஸ் பெட்டியை அவ்வளவாக நம்பாமல் வெயிலைத் தாங்கும் 'ஐ-2' என்ற திரிபை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெண்களே அதைக் கண்ணில் சொட்டு விடுகிறார்கள். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் 'டி-58' திரிபில், தீனி போலத் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தை வீட்டுக் கோழிகளை மனதில் வைத்தே உருவாக்கியிருக்கிறது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். மாசி பிறப்பதற்கு முன், பிப்ரவரி முதல் பாதியில், கால்நடைத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துவதும் கோடைக் கழிச்சலுக்கு முந்திக்கொள்ளத்தான்.

தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் குப்பி நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்று வருகிறது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் அதை வாங்கி என்ன செய்வார்? அதனால் இதைத் தெருவாகச் சேர்ந்துதான் செய்ய முடியும். உங்கள் மகளிர் குழுவில் பேசுங்கள். பத்து வீடு சேர்ந்து ஒரு குப்பி, ஒரே நாள் காலையில், வெயில் ஏறுவதற்குள், பஞ்சாரத்தைத் திறக்கும் முன். மருந்து போட்ட கோழி சாகாமல் தப்பினாலும் வைரஸை எச்சத்தில் கொஞ்சம் வெளியே விடலாம். ஆகவே ஒரு வீடு மட்டும் போட்டால் மற்ற வீட்டுக் கோழிகளுக்கு ஆபத்து நீங்காது.

இன்னொன்றையும் குழுவில் சொல்லுங்கள். சீக்கு தொடங்கியதும் மிச்சத்தை விற்றுவிடலாம் என்று மேலப்பாளையம் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். கோயில் கொடைகளுக்குச் சேவல் தேடி ஆள் வருகிற காலமும் அதே கோடைதான். ஒரு கூடையில் போகிற சேவல் வழியாகச் சீக்கு பத்து ஊருக்குப் போய்விடும். செத்ததை ஓடையில் எறிவதும் அப்படித்தான். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பறவைக் காய்ச்சலும் வெளித்தோற்றத்தில் இப்படியே தெரியும் என்பதால், மொத்தமாகச் சாகும்போது மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுவது கட்டாயம்.

மிச்சமிருக்கும் எட்டையும் விற்காதீர்கள். கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதமாவது புதுக்கோழி எதையும் வாங்கி விடாமல் இருங்கள். அவற்றில் பெட்டைகள் இருந்தால் அடை வையுங்கள். நோயில் தேறிய தாயின் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் தாய் தந்த பாதுகாப்பு இருக்கும். அதனால் நான்காம் வாரச் சொட்டைத் தவற விட்டுவிடாதீர்கள்.